திங்கட்கிழமைக் கடிகாரம்

எங்கள் கட்டடத்தில் பொய் சொல்வதில் என்னை மிஞ்சியவன் ஒருவன்தான்: மூன்றாம் மாடி ரெஜிஸ் பெல்வால். பாரிஸை ஒட்டிய எங்கள் வித்ரியில் வெள்ளம் வந்த வருடம் என் மாமா குளியல் தொட்டியைப் படகாக ஓட்டிப்போய் மேயரையும் அவர் பூனையையும் காப்பாற்றினார் என்று நான் சொன்னால், கேட்பவர்கள் சிரித்துவிட்டு இன்னொரு கோப்பை ஊற்றிக்கொள்வார்கள். ரெஜிஸ் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. நம்புவார்கள். அவன் பொய்யில் எந்தப் படிக்கட்டில் எந்தக் கல் ஆடும், எந்த ஜன்னலில் கண்ணாடி விரிசல் என்பதுவரை இருக்கும். அதனால்தான் அவன் மாட்டிக்கொண்டான். நான் இன்றுவரை மாட்டவில்லை.

இது கைப்பேசி எல்லாம் வருவதற்கு முன்னால் நடந்தது. அவன் மனைவி லிலியான் ஒரு விதமாகச் சொன்னாள், ரெஜிஸ் ஒரு விதமாகச் சொன்னான். இரண்டும் பொருந்தாத இடங்களில் நல்லதாக இருந்ததை நான் எடுத்துக்கொண்டேன்.

ரெஜிஸுக்கு ரொட்டிக்கடை அடுப்புகளைப் பழுதுபார்க்கும் வேலை. அந்த அடுப்பு ஒரு அறை அளவு இருக்கும். அது ஆறுவதற்குள் தலையை உள்ளே விட்டால் தலை வெந்து மேலே மொறுமொறுவென்று வெளியே வரும். வாரம் முழுக்க எரிகிற அடுப்பு ஆறுவது கடைக்கு விடுமுறை விடும் நாளில் மட்டும்தான். அவன் கம்பெனி பார்த்துக்கொள்ளும் வெளியூர்க் கடைகளுக்கெல்லாம் திங்கட்கிழமை விடுமுறை. ஆகவே ஞாயிறு சாயங்காலம் வேனில் கிளம்புவான். பூர்ஜ், த்ருவா, லு மான், நெவேர் என்று ஏதாவது ஒரு ஊர். திங்கள் முழுக்க அடுப்புக்குள் கிடப்பான். இருட்டியதும் திரும்பி வருவான். மற்ற நாள்களில் பக்கத்து ஊர் இவ்ரியில் கம்பெனிப் பட்டறை.

லிலியான் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். வெளியூர் என்று அவள் எங்கும் போனதில்லை; போக வழியும் இல்லை. ரெஜிஸின் அம்மா ஒரு நாள் குளியலறையில் விழுந்தார்; அதற்குப் பிறகு ஒன்பது வருடம் கட்டிலைவிட்டு எழவில்லை. எங்கள் கட்டடத்து லிஃப்ட் நெப்போலியன் காலத்திலேயே நின்றுவிட்டது என்பதால் கிழவியைக் கீழே இறக்கவும் முடியாது. துடைப்பது, கழுவுவது, புரட்டிப் போடுவது எல்லாம் லிலியான்தான். கடைக்குப் போனாலும் ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓட்டமாகத் திரும்புவாள்.

எனவே ரெஜிஸ் செவ்வாய்க்கிழமை இரவுச் சூப்புக்கு ஊர்களைக் கொண்டுவந்தான். கேட்பதற்கு மேல்மாடியிலிருந்து நானும் இறங்கிப்போவேன்.

"நேத்து பூர்ஜ்ல என்னடா பார்த்த?" என்று அம்மா கட்டிலிலிருந்து கேட்பார். "கோயிலா? தூண் பெருசா?"

"நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாதும்மா. அதுல ஒரு தூண் மட்டும் கொஞ்சம் சாஞ்சிருக்கு. அதைத் தொட்டா பல்வலி போகுமாம். ஊரே தடவித் தடவி அந்த இடம் மட்டும் வெண்ணெய் மாதிரி ஆயிடுச்சு."

நெவேர்தான் அவன் கைவண்ணத்தின் உச்சம். அங்கே ஒரு கோபுரத்தில் கடிகாரம் இருக்கிறது என்றான். மத்தியானம் பன்னிரண்டு அடிக்கும்போது ஒரு கதவு திறந்து மர ரொட்டிக்காரன் வருவான். கையில் நீளத் துடுப்பு. ஒவ்வொரு அடிக்கும் அடுப்பிலிருந்து ஒரு ரொட்டியை வெளியே இழுப்பான். அவன் தலைக்கு மேலே ஒரு சேவல் இறக்கையை அடிக்கும். நான் ஒருமுறை அவனை மடக்கப் பார்த்தேன்.

"சேவலுக்கு நிஜ இறகா, ரெஜிஸ்?"

"தகரம், மதாம். ஆனா வால்ல ஒண்ணே ஒண்ணு மட்டும் நிஜம். துருப்பிடிச்சு ஒரு இறகு விழுந்துடுச்சு. ஊர்க்காரங்க கோழி இறகைச் சொருகி வெச்சிருக்காங்க."

மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

எல்லோருக்கும் பிடித்த கட்டம் கடைசியில் வரும். பன்னிரண்டும் அடித்து, ரொட்டிக்காரன் உள்ளே போய், கதவும் மூடிய பிறகு, பக்கத்தில் ஒரு சின்னக் கதவு திறக்கும். ஏப்ரன் கட்டிய ஒரு பெண் ஓடி வருவாள். இடப்பக்கம் பார்ப்பாள், வலப்பக்கம் பார்ப்பாள். யாரும் இருக்க மாட்டார்கள். தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

லிலியான் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பாள். அவள் எதற்கும் தாமதமாகப் போகிறவள். அவள் கல்யாணத்தன்று மேயர் காத்திருந்து பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய், பற்களில் கீரையோடு திரும்பி வந்துதான் நடத்தி வைத்தார்.

"அது நான்தானே? என்னைப் பார்த்துத்தான் செஞ்சு வெச்சிருக்கான்!" என்பாள்.

ரெஜிஸ் தலையைக் குனிந்து சூப்பைக் கிண்டுவான். வெட்கப்படுகிறான் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

ஒரு குளிர்காலத்தில் அம்மா போய்ச் சேர்ந்தார். வசந்தத்தில் ரெஜிஸுக்குப் பணி ஓய்வு. வெளியூர் வேலையில் கடைசியாக மிஞ்சியது நெவேர். லிலியான் ஒரு நாள் துணிக்கு விளிம்பு தைத்துக்கொண்டே சொன்னாள்:

"நானும் வர்றேன்."

"வேன்ல உனக்கு முதுகு போயிடும், லிலி."

"போகும்போது ரயில்ல வர்றேன். திரும்பும்போது உன்கூட வேன்ல. பன்னெண்டுக்கு முன்னாடி போய்ச் சேர்ற வண்டி இருக்கு, கேட்டு வெச்சுட்டேன்."

"எனக்கு வேலை இருக்கே. அடுப்புக்குள்ள கெடப்பேன்."

"அடுப்புக்குள்ள கெடக்கிறவனுக்குச் சாப்பாட்டு நேரம் கிடையாதா? எனக்கு அந்தக் கடிகாரம் ஒண்ணு போதும், கிழவா. மத்ததெல்லாம் நேரம் இருந்தா பார்ப்போம்."

மறுநாள் புதுக் காலணி வாங்கிவந்து, வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகினாள். மேல்மாடியில் இருந்த எனக்கு அந்தச் சத்தம் கேட்டது.

உண்மையைச் சொல்லிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவனுக்கும் தோன்றியது. அவள் திட்டுவாள் என்று அவன் பயப்படவில்லை; திட்டு வாங்கிப் பழகியவன்தான். ஒன்பது வருடம் தன் அம்மாவைப் புரட்டிப் போட்ட கைகளுக்கு அவன் ஈடாகக் கொடுத்தது இந்த ஊர்கள் மட்டும்தான். அவை இல்லை என்று தெரிந்துவிட்டால், இனிமேல் அவன் மழை பெய்கிறது என்று சொன்னாலும் அவள் ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்ப்பாள். மிச்சமிருக்கும் காலமெல்லாம் அப்படிப்பட்ட ஒருத்தியோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சூப்புக் குடிப்பதை நினைத்துத்தான் அவன் பயந்தான்.

படிக்கட்டில் என்னைப் பிடித்துக் கேட்டான்: "மதாம், நீங்க ஒரு பொய்யில மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

"நான் குளியல் தொட்டில மேயரை ஏத்துறவ, ரெஜிஸ். என்னை யாரு மாட்டிவிடப் போறாங்க?"

அவன் சிரிக்காமல் இறங்கிப் போனான்.

அந்த ஞாயிறு நெவேருக்கு வேன் ஓட்டும்போதுதான் அவனுக்கு யோசனை பிறந்தது. திங்கட்கிழமை! திங்கட்கிழமை என்றால் வெளியூர்கள் எல்லாம் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு தூங்கும். அருங்காட்சியகம் மூடல். மாளிகை மூடல். சாப்பாட்டுக் கடை மூடல். மூடிய கதவுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே இருப்பதை எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். மறுக்க யார் இருக்கிறார்கள்? கடிகாரம்தான் இடித்தது. கோபுரத்தில் இருப்பதை யாரும் பூட்டி வைப்பதில்லை.

திங்கள் விடிந்ததும் அடுப்புக்குப் போவதற்கு முன்னால் ஊருக்குள் வேனை ஓட்டினான். அத்தனை வருடத்தில் முதல்முறையாக நெவேரைச் சுற்றிப் பார்க்கிறான், திருடன் நோட்டம் பார்ப்பதுபோல. ஒரு சந்தின் கோடியில் சாரம் கட்டிப் பச்சை வலை போர்த்திய ஒரு பழைய கோபுரம் தென்பட்டது. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகு ரொட்டிக்கடைக்கார ரூஜரோனின் நிலவறைக்குள் இறங்கினான். வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. பன்னிரண்டு அடிக்கும்போது அவளோடு எந்தக் கோபுரத்தடியிலும் நிற்காமல், அதுவரை எப்படியாவது நேரத்தை ஓட்ட வேண்டும். ஏற்கெனவே இறுகியிருந்த திருகாணியை மறுபடி இறுக்கினான், தளர்த்தினான், இறுக்கினான். மேலே தூங்கிக்கொண்டிருந்த ரூஜரோன் செருப்பை இழுத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"என்ன முசியே ரெஜிஸ், இன்னும் அந்தத் திருகாணியா? கட்டிக்கப் போறீங்களா அதை?"

"கொஞ்சம் ஆடுது."

"ஆடறது உங்க கை. போய் ஏதாவது சாப்பிடுங்க."

மணி அடித்து முடிந்த பிறகுதான் ரயிலடிக்குப் போனான். லிலியான் வாசலில் நின்றிருந்தாள். நீலக் கோட்டு, புதுக் காலணி, தலை சீவி வாரி முடித்திருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் நேரத்துக்கு வந்திருக்கிறாள், வரவேண்டியவன் தாமதம்.

"பன்னெண்டு ஆயிடுச்சு," என்றாள். கோபம் இல்லை. "எங்கேயோ மணி அடிச்சுது. கேட்டேன். அதானா?"

"அதா இருக்காது, கண்ணு. அதைக் கழட்டிட்டாங்களாம். பழுது பார்க்க. காலையிலதான் தெரிஞ்சுது."

அவளைப் பச்சை வலைக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினான். அவள் கழுத்து வலிக்கும்வரை மேலே பார்த்தாள்.

"பொம்மைங்களையுமா?"

"பொம்மைங்களையும்தான்."

"அந்தப் பொம்பளையையும்?"

"அவளையும்."

"பாவம்," என்று சொல்லிவிட்டு வலையை ஒரு விரலால் தொட்டாள். தையல்காரி விரல்; துணியை எடைபோடுவதுபோல. ரெஜிஸால் அந்த விரலைப் பார்க்க முடியவில்லை.

"வா, மாளிகைக்குப் போலாம். நேரம் குறைவு. நான் திரும்பப் போய் அடுப்பைப் பத்த வெச்சுப் பார்க்கணும்."

பிரபுவின் மாளிகைக் கதவு மூடியிருந்தது. ரெஜிஸ் கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, உள்ளே சுழன்று ஏறும் படிக்கட்டையும், பிரபு குடித்துவிட்டுக் குதிரையோடு அதில் ஏறியதையும், ஏழாவது படியில் லாடம் பட்ட வடுவையும் சொன்னான். நன்றாகத்தான் சொன்னான். லிலியானுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து பீங்கான் அருங்காட்சியகம். அதுவும் மூடியிருந்தது. உள்ளே ஒரு பீங்கான் வாத்து இருப்பதையும், அதற்கு ஒரு கண் நீலம் ஒரு கண் பச்சை என்பதையும் சொன்னான். அங்கே அவள் சிரித்தது கொஞ்சம் குறைவு. மூன்றாவதாக, லுவார் ஆற்று மீனை வெண்ணெயில் வறுத்துக் கொடுக்கும் கடை. வாடிக்கையாளரைத் திட்டுகிற கிளி ஒன்று கல்லாவில் உட்கார்ந்திருக்கும் என்று அவன் சொல்லிவந்த கடை. ஆற்றோரம் கண்ணில் பட்ட முதல் சாப்பாட்டுக் கடையைக் காட்டி, "இதுதான்," என்றான். அதன் இரும்புக் கதவும் தரைவரை இறங்கியிருந்தது.

எதிர் வீட்டு மாடியிலிருந்து ஒரு பெண் மேசைத் துணியை உதறினாள்.

"திங்கக்கிழமை வந்து கதவைப் பார்த்துக்கிட்டு நிக்கறீங்களே! பாரிஸ்காரங்களா?"

"ஆமா," என்றாள் லிலியான். "இன்னிக்கு எல்லாமே மூடியிருக்கே, ஏதாவது விசேஷமா?"

"விசேஷமா! இங்க எந்தத் திங்கக்கிழமைதான் எது திறந்திருக்கு? எங்கம்மா காலத்துலேர்ந்து இப்படித்தான். நாளைக்கு வாங்க."

மேசைத் துணி உள்ளே போனது. ஜன்னலும் மூடியது.

லிலியான் கடைப் படியில் உட்கார்ந்து ஒரு காலணியைக் கழற்றினாள். குதிகால் சிவந்திருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்:

"ரெஜிஸ், நீ இங்க என்ன கிழமை வருவ?"

"என்ன கிழமைன்னா?"

"அடுப்பு ஆறுற நாள்தானே வருவ."

அவன் மெல்லத் தலையாட்டினான்.

"அப்போ அந்த வாத்தை எப்படிப் பார்த்த? படிக்கட்டுல எப்படி ஏறின? இந்தக் கிளி உன்னை எப்போ திட்டுச்சு?"

ஆற்றில் ஒரு மரக்கிளை மிதந்து போனது. அவன் அதைப் பார்த்தான்.

"த்ருவா?" என்றாள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிடுவதுபோல ஒவ்வொரு ஊராகக் கூப்பிட்டாள். "லு மான்? பூர்ஜ்ல பல்வலிக்குத் தூண்?"

எந்த ஊரும் எழுந்து நிற்கவில்லை.

"கடிகாரம்?"

"இல்ல, லிலி."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் காலணியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

"அத்தை சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி அந்தச் சேவலைப் பத்திக் கேட்டாங்க. இன்னும் அந்தக் கோழி இறகு இருக்கான்னு கேட்டாங்க. இருக்குன்னு நான் சொன்னேன். நான் சொன்னேன், ரெஜிஸ்!" நிறுத்தி மூச்சு வாங்கினாள். "சரி. ஒண்ணையும் பார்க்கல. அப்போ எங்க இருந்த?"

"அடுப்புக்குள்ள."

"அத்தனை திங்கக்கிழமையும்?"

"அத்தனையும்."

"யாரு அவ?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாவுபோல வெளுத்தது. "யாரும் இல்ல! அம்மா மேல ஆணையா யாரும் இல்ல!"

"இதை எல்லாப் புருஷனும் சொல்லுவான். நீ மத்தவங்களைவிட நல்லாச் சொல்லுவ, அவ்வளவுதான். ஒரு கோபுரத்தைக் கட்டி அதுல கடிகாரத்தை மாட்டினவனுக்கு, ஒரு பொம்பளையை இல்லன்னு சொல்றது பெரிய வேலையா?"

அவன் என்ன சொன்னாலும் அது நன்றாகச் சொல்லப்பட்ட பதிலாகவே இருந்திருக்கும். அதுவே அவனுக்கு எதிராகப் போயிருக்கும். கடைசியில் வேன் கதவைத் திறந்தான்.

"ஏறு. நான் இருந்த இடத்தைக் காட்டறேன்."

இப்படித்தான் ரெஜிஸ் தன் மனைவிக்கு நெவேரைச் சுற்றிக் காட்டினான்.

முதலில் ரூஜரோனின் நிலவறை. அவள் அடுப்பு வாயில் தலையை நீட்டிப் பார்த்தாள். இருட்டு, கரியும் பழைய மாவும் கலந்த நெடி. அவன் படுத்துக்கொள்ளும் பலகை, முழங்காலுக்கு வைக்கும் சாக்கு. ரூஜரோன் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"உங்க வீட்டுக்காரர் மாதிரி உண்டா, மதாம்! உள்ள போனா வெளிய வரமாட்டார். இன்னிக்குப் பாருங்க, ஒரு திருகாணியை விடாம கொஞ்சிக்கிட்டே இருந்தார், பன்னெண்டு அடிக்கிறவரைக்கும்."

லிலியான் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். ரயிலடியில் தான் தனியாக நின்ற நேரம் எப்படி வந்தது என்று அவளுக்கு விளங்கியது. கணக்கில் இன்னொன்று ஏறியது.

அடுத்தது ஊருக்கு வெளியே, ரவுண்டானாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டின் வண்டி நிறுத்துமிடம். பெட்ரோல் பங்கில் பாலிதீன் சுற்றிய இரண்டு சாண்ட்விச் வாங்கிவந்தான். வேனுக்குள் உட்கார்ந்தே சாப்பிட்டார்கள். ரொட்டி பஞ்சாக இருந்தது.

"இதையா தின்ன? ரொட்டி அடுப்புக்காரன்?"

"ஊர் அடுப்பைப் பிரிச்சுப் போடறதே நான்தானே. அப்புறம் ரொட்டி எங்கேர்ந்து வரும்?"

"வறுத்த மீன்?"

"இல்ல."

"தின்னும்போது எதைப் பார்ப்ப?"

"அந்தத் தள்ளுவண்டிங்களை. காத்தடிச்சா அதுல ஒண்ணு தானா உருண்டு போகும்."

அவள் பார்த்தாள். காற்று வீசியது. ஒரு தள்ளுவண்டி கூட்டத்தைவிட்டுப் பிரிந்து, அவசரமில்லாமல் உருண்டுபோய் ஒரு கம்பத்தில் முட்டி நின்றது. அவள் வாயோரம் லேசாக நெளிந்தது. உடனே இறுகியது.

"படுக்கறது எங்க?"

ஓட்டல் ரவுண்டானாவின் மறுபக்கம். அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு கட்டடம். வரவேற்பு மேசைக்குப் பின்னால் பருத்த உடம்போடு ஒரு பெண், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டு பின்னல் வேலை செய்துகொண்டிருந்தாள். தெனீஸ் என்று பெயர்.

"முசியே ரெஜிஸ்! சாவியைக் கொண்டுபோயிட்டீங்களா மறுபடியும்?" என்றவள், பின்னால் வந்தவளைப் பார்த்ததும் பின்னலைப் போட்டுவிட்டு எழுந்தாள். "மதாம் பெல்வால்! நீங்கதானே? கடைசில வந்தே வந்துட்டீங்க! உங்களைப் பத்தி எனக்குத் தெரியாததே கிடையாது."

"உங்களைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது," என்றாள் லிலியான்.

வேறு யாராக இருந்தாலும் அந்தக் குரலிலேயே நிறுத்தியிருப்பார்கள். தெனீஸுக்கு மகிழ்ச்சியில் காது அடைத்திருந்தது. சுவரோரம் சுற்றுலாத் தாள்கள் அடுக்கிய தட்டைத் தட்டினாள்.

"இதோ, இதுதான் எங்க சரக்கு! ஞாயித்துக்கிழமை ராத்திரி இவர் வந்தா ரெண்டு பேரும் இந்தப் படங்களைப் பரப்பி வெச்சுக்குவோம். மாளிகைக்குள்ள என்ன இருக்கும்? வாத்துக்கு என்ன கண்ணு? எனக்கு எங்க தெரியும்! இந்த ஊர்லயே பொறந்தவ நான், ஒண்ணுக்குள்ளயும் போனதில்ல. மேசையில எப்பவும் ஆள் வேணுமே. ஆனா கடிகாரம் இருக்கு பாருங்க, அதுக்குப் படம்கூட கிடையாது. அது முழுக்க நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து கட்டினது! ஒரு குளிர்காலம் பிடிச்சுது. உங்களுக்கு ரொம்பப் பிடிச்சுதுன்னு இவர் வந்து சொன்னப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

ரெஜிஸ் கால்மிதியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தெனீஸ் மேசைக்கு அடியிலிருந்து ஊர் மிட்டாய் டப்பா ஒன்றை எடுத்து லிலியானின் கையில் திணித்தாள். கடையில் வாங்கி வைத்து எத்தனை நாளாகக் காத்திருந்ததோ. மூடியில் தூசு படிந்திருந்தது.

வேன் வித்ரியை நோக்கிக் கிளம்பியது. பின்னால் ஸ்பேனர்களும் சுத்தியல்களும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. லிலியான் டப்பாவை மடியில் வைத்திருந்தாள், திறக்கவில்லை. கட்டிலைப் பகிர்ந்த ஒருத்தியாக இருந்தால் தலைமுடியைப் பிடித்து உலுக்கியிருப்பேன் என்று பிறகு என்னிடம் சொன்னாள். இவளை என்ன செய்வது? அந்த மேசையில் வேறொன்றும் நடக்கவில்லை என்றுதான் தோன்றியது. ஆனால் தோன்றுவதை வைத்து என்ன செய்ய? பூர்ஜில் தூணும்தான் சாய்ந்திருப்பதாகத் தோன்றியது.

சாலையோரம் இருட்டத் தொடங்கியபோது வாயைத் திறந்தாள்.

"கடிகாரத்துல எது உன்னுது, எது அவளுது?"

"ரொட்டிக்காரன் என்னுது. துடுப்பும்."

"சேவல்?"

"அவளுது. கோழி இறகு மட்டும் என்னுது. அன்னிக்கு மேல்மாடி மதாம் மடக்கினாங்களே, அப்போ வந்தது."

"ஓடி வர்ற பொம்பள?"

என்ன சொன்னால் இந்த நாள் ஆறிப்போகும் என்று ரெஜிஸுக்குத் தெரியும். 'அது என்னுது, உன்னை நெனச்சுத்தான்' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அவளும் அதைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பாதி அவன் பக்கம் திருப்பிக்கூட வைத்திருந்தாள். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். கூடவே அந்த ஏப்ரனுக்கு ஒரு நிறமும் கொடுத்திருப்பேன்.

"அவளுது," என்றான். "எல்லாம் முடிஞ்சப்புறம் ஓடி வர்றவ ஒருத்தி இருக்கணும்னு அவதான் சொன்னா. எனக்குத் தோணல."

லிலியான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். இத்தனை வருடம் தன்னைப் பார்த்துத்தான் செய்தது என்று நினைத்துச் சிரித்த பொம்மை, ரவுண்டானாவுக்குப் பக்கத்தில் மேசையைவிட்டு எழ முடியாத யாரோ ஒருத்தியின் பொம்மை. இரண்டு ஊர் கடந்தது. பெட்ரோல் பங்கு ஒன்று கடந்தது.

"சரி," என்றாள். தூக்க முடியாததை எங்கேயோ ஓரிடத்தில் இறக்கி வைப்பதுபோல. "அப்போ மத்ததையும் நம்பறேன். அடுப்பையும், அந்தப் பஞ்சு ரொட்டியையும். வேற யாரும் இல்லங்கறதையும்."

அவன் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து ஓட்டினான்.

"அவளை எடுத்துடு," என்றாள் சற்றுப் பொறுத்து. "அவ இல்லாம ஒரு தடவ சொல்லு."

அவன் ஆரம்பித்தான். மணி அடித்தது. கதவு திறந்தது. ரொட்டிக்காரன் துடுப்போடு வந்தான். சேவல் இறக்கை அடித்தது. பன்னிரண்டும் முடிந்தது. கதவு மூடியது. அந்த இடத்தில் அவன் நின்றான். இருவரும் சின்னக் கதவுக்காகக் காத்திருந்தார்கள். அது திறக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

அங்கே வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வித்ரிக்கு இன்னும் பாதி வழி இருந்தது.

"வீட்டுக்கிட்ட மழையா இருக்கும்," என்றான் ரெஜிஸ்.

அவள் வானத்தைப் பார்க்கவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. பையிலிருந்து தலைத்துணியை எடுத்து, மோவாய்க்குக் கீழே முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.